அம்பு வரும் பக்கம்

திரையின் நடுவில் கூட்டல் குறி வந்தது. செண்பகவடிவு அதைப் பார்த்தாள். அதை மட்டும் பாருங்க வடிவம்மா, மத்தது தானா வரும் என்று எஸ்தர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார், மற்றது தானாகத்தான் வந்தது. இடது பக்கம் ஒரு முகம், வலது பக்கம் ஒரு முகம், இரண்டும் ஒரே ஆளுடையவை, ஒன்று முறைத்தது, ஒன்று சும்மா இருந்தது. சரியாகப் பார்ப்பதற்குள் இரண்டும் போய்விட்டன. சும்மா இருந்த முகம் நின்ற இடத்தில் ஒரு சின்ன அம்பு நின்றது. இடது. அவள் இடது பொத்தானை அமுக்கினாள். மறுபடி கூட்டல் குறி, மறுபடி இரண்டு முகம், வலது. ஒரு தடவை உட்கார்ந்தால் நூற்றறுபது ஜோடி, வாரத்துக்கு இரண்டு தடவை, எட்டு வாரம், இன்றோடு முடிகிறது. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிய இந்த அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாள். நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கான வைத்தியம் இது. மாத்திரை தராம படம் காட்டி அனுப்புதாவளா, எந்தத் தியேட்டர்ளா அது என்று வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார். இடது. வலது. வலது. அவள் விரல் வேகத்தைப் பார்த்து மேடமே அசந்துபோயிருந்தார். பதினொரு வயதிலிருந்து பீடி சுற்றுகிற விரல், இலையைத் தொட்டதும் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணை விட முந்தித் தெரிந்துகொள்கிற விரல், அதனால்தான் மூன்றாவது தடவை உட்கார்ந்தபோதே அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அம்பு ஒரு நாளும் முறைக்கிற முகத்தின் பக்கம் வருவதில்லை. முறைக்கிற முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால் அம்பு அங்கே காத்துக்கொண்டிருக்கும். உங்க கண்ணு கூட்டத்துல யார் முகம் சுளிக்கிறாங்கன்னு தேடித் தேடிப் போகுது வடிவம்மா, அதை அங்கயிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைக்கப் பழக்குறோம், கண்ணுக்கு இது, மனசுக்குத் தாள்ல எழுதுறது, ரெண்டும் சேர்ந்தாத்தான் வண்டி ஓடும் என்றார் மேடம். கண் பழகிவிட்டது. நன்றாகவே பழகிவிட்டது. அதுதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

மீசைக்காரர் வந்தார், போனார். பல் நீண்ட கிழவர் வந்தார், போனார். மூக்குத்திக்காரி வந்தாள். அவளுக்கு மட்டும் வடிவின் தோள் எப்போதும் கொஞ்சம் இறுகும். மூக்குத்திக்காரியின் முறைப்பு பெரிய விஷயமில்லை, சண்டைக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரி முறைப்புதான், ஆனால் அவளுடைய சும்மா இருக்கிற முகம், எதுவும் இல்லாத முகம், அது மற்ற முகங்களை விடக் கொஞ்சம் தங்கிப் போகிறது. எல்லாம் போன பிறகும் அம்புக்குப் பின்னால் அது நிற்கிறது. மேடத்திடம் கேட்டபோது எல்லாமே அரை செகண்டுதான் வடிவம்மா, கம்ப்யூட்டருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது என்றார். இருக்கலாம். ஆனால் அரை செகண்டில் என்னவெல்லாம் நடந்துவிடும் என்று மேடத்துக்குத் தெரியாது. வலது. அன்றைக்கும் அரை செகண்டுதான் இருக்கும். பத்து மாதத்துக்கு முன்னால், பெரியப்பா மகன் சங்கரபாண்டி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்விட்டான் என்று தகவல் வந்து நடுவக்குளத்துக்குத் துட்டி கேட்கப் போனாள். போன இடத்தில் அழுகை வரவில்லை. அண்ணன் மேல் அவளுக்குப் பாசம் உண்டு, வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட அழுதுகொண்டுதான் கிளம்பினாள், பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லாருடைய முகமும் திரும்பியது, கண் காய்ந்துவிட்டது. பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் சேலைத் தலைப்பை வெறும் கண்ணில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள், ஒற்றுவதை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, தலைப்பு நனையவில்லை என்பதைப் பார்க்கிறார்கள். இடது. ஒரு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு எழுந்தாள். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வந்துபோன சாவு அந்த வீட்டில் இன்னொருவரைத் தேடும் என்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவள் சொல்லிக்கொள்ளாமல்தான் நடந்தாள். பத்தடி போயிருப்பாள், பிடரியில் எறும்பு ஊர்ந்தது, பார்க்கிறார்கள், அழாமல் எழுந்து போகிறாளே என்று பார்க்கிறார்கள், கழுத்து அவளைக் கேட்காமலே திரும்பியது. வாசலில் இரண்டு முகம். இடது பக்கம் அண்ணன் பெண்டாட்டி சொர்ணம் மைனி, முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட பலகை மாதிரி. வலது பக்கம் மைனியின் தங்கை ஆவுடை, துட்டிக்காக வந்து அக்காகூடத் தங்கியிருந்தவள். ஆவுடை முறைத்தாள். புருவம் இறங்கி, கண் சுருங்கி, வாய் கோணி, அப்படி ஒரு முறைப்பு. அவ்வளவுதான், வடிவு திரும்பி ஓடாத குறையாக நடந்துவிட்டாள். முப்பத்து மூன்றாம் நாள் ஆவுடை காய்ச்சலில் செத்துப்போனாள். இரண்டு முகத்தில் முறைத்த முகம் போய்விட்டது. வலது. வலது. இடது. கம்ப்யூட்டர் இதை இப்போதுதான் செய்கிறது. அவள் அதற்கு எட்டு மாதம் முன்னாலேயே செய்துவிட்டாள்.

நூற்றறுபது முடிந்து திரை கறுத்தது. கறுத்த திரையில் ஒரு முகம் தெரிந்தது, அவளுடையதுதான், அவள் சட்டென்று பார்வையை எடுத்து மேசை மேல் வைத்தாள். எஸ்தர் மேடம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து தாளை நீட்டினார். கட்டம் போட்ட தாள். என்ன செய்யப் போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை எவ்வளவு நம்புகிறேன், உண்மையில் நடந்தது என்ன. ஆறாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து முதல் வாரங்களில் கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனது, இப்போது உள்ளே அடங்கி உட்காருகிறது. முதல் கட்டத்தில் சென்ற வாரமே எழுதியிருந்தாள், சொர்ணம் மைனி வீட்டுக்குப் போவேன், பத்து நிமிசம் உட்காருவேன், அவள் முகத்தைப் பார்ப்பேன். இரண்டாவதில், வெளியே போ என்று சொல்வாள். மூன்றாவதில், நூற்றுக்குத் தொண்ணூறு. ரேஷன் கடை வரிசையில் நிற்பது முடிந்தது, பீடிக் கடையில் கணக்குப்பிள்ளையிடம் இலை சரியில்லை என்று சொல்வது முடிந்தது, கல்யாண வீட்டில் நடுவரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட முடிந்தது, ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எழுதினாள். மேடம் ஒவ்வொரு தடவையும் அதன் அடியில் ஒரு கோடு இழுத்தார். இன்று இதுதான் மிச்சம். "வேற ஏதாவது பயம் இருக்கா வடிவம்மா, எழுதாம உள்ள வச்சிருக்கிறது?" என்று மேடம் கேட்டார். "இல்ல மேடம்." "நிஜமாவா?" "நிஜமாத்தான்." சொன்னால் சிரிப்பாரோ என்று முன்பெல்லாம் யோசித்தாள். சிரித்தால்கூடத் தேவலை. சொன்னதை நம்பிவிட்டால்? என் கண் பட்டு ஒருத்தி போனாள், இனிப் பார்த்தால் மிச்சமிருக்கிறவளும் போவாள் என்று சொல்லி, இந்தப் படித்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டால்? பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்று அவளும் சொல்லத்தான் செய்தாள், யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று உதட்டுக்குள் சொன்னாள், சாருக்குக் கேட்கவில்லை, வரவில்லை என்று போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வருசம் முழுக்க மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நோட்டில் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வாரதில்லையே என்று அப்பாவிடம் சொன்னார்கள், எங்க சுத்துத என்று அப்பா அடித்தார், மடியில் பீடித்தட்டு வந்து உட்கார்ந்தது. தானே தன்னை இல்லாமல் ஆக்கிக்கொண்டவள் இன்னொருத்தியையும் இல்லாமல் ஆக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். மேடம் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வந்து கடைசிக் கட்டத்தை எழுதுங்க, அடுத்த புதன்கிழமை பார்ப்போம்" என்றார்.

வராந்தாவில் வெயில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தவள் நின்றுவிட்டாள். எதிரே வாளியும் துடைப்பமுமாக மூக்குத்திக்காரி வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சைச் சேலையில், காலோடு, கையோடு, நிழலோடு வந்தாள். வடிவு கண்ணை எடுக்கப் பார்த்தாள், இந்தப் பக்கம் வைக்க இன்னொரு முகம் இல்லை, ஒரே ஒரு முகம்தான் வராந்தா முழுக்க. வலது கட்டைவிரல் தானாகப் பையின் வாரை அமுக்கியது. முகம் போகவில்லை. வளர்ந்துகொண்டே கிட்டே வந்தது. "என்னக்கா, பேயக் கண்ட மாதிரி நிக்கிய?" என்று கேட்டது. வடிவின் கண் மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவுக்குப் போய்த் திரும்பியது. மூக்குத்திக்காரி அதைக் கவனித்து, வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஓ, நீங்க அந்த ரூமா? நாந்தான்க்கா அது. மாடத்தி. மொதல்ல வெள்ளக்காரன் படத்தத்தான் வச்சுருந்தாவளாம், அவன் முறைக்கானா முழிக்கானான்னு நம்ம ஆளுகளுக்குத் தெரியலையாம். அதான் இங்கன உள்ளவங்களயே புடிச்சு உக்கார வச்சிட்டாவ. நானு, வாச்மேன் அண்ணாச்சி, கேண்டீன் தாத்தா. தாத்தா முறைச்சதப் பாத்து போட்டோ எடுக்கிறவருக்கே சிரிப்பு அடங்கல." வடிவு, "நல்லா முறைச்சிருக்கிய" என்றாள். "அதுக்கென்ன, எங்க மாமியாள நெனச்சேன், ஒரே தடவையில முடிஞ்சுது. இந்தச் சும்மா இருக்க மூஞ்சிதான் வரவே இல்லக்கா. ஒண்ணும் நெனக்காதம்மா, ஒண்ணும் காட்டாதம்மாங்காரு. ஒண்ணும் இல்லாம மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? சிரிப்பு வருது, இல்ல கோவம் வருது. மூணு நாளு எடுத்தும் சரியில்லன்னுட்டாரு. பொறவு எங்கம்மை தவறிட்டா. பதினாறு முடிஞ்சு டூட்டிக்கு வந்த அன்னைக்குக் கூப்பிட்டாரு. போய் உக்காந்தேன். இதாம்மா, இதான் எனக்கு வேணும்னாரு." சொல்லிவிட்டு மாடத்தி வாளியை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பி ஒரு சொட்டு வடிவின் கால் விரலில் விழுந்தது, குளிர்ந்திருந்தது. அப்படியானால் எட்டு வாரமாக, முறைப்பை விட்டுவிட்டு, ஆபத்தில்லாத பக்கம் என்று நம்பி விரலை வைத்து வைத்து அமுக்கியது ஒரு துட்டி முகத்தின் மேல்தான். அம்பு அங்கேதான் வந்து வந்து நின்றது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, கிடைக்காமல் இருந்தால் அதைச் சாக்காக வைத்து இறங்கியிருக்கலாம். நடுப்பகல் பஸ், பாதிதான் நிறைந்திருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், வெயிலுக்காக இருக்கும், வடிவின் கண் வழுக்கிக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டது. முன்பெல்லாம் அந்தச் சுளிப்பில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி மாட்டிக்கொண்டு நாள் பூராவும் கிழிந்திருப்பாள், இப்போது மாட்டவில்லை, எண்ணெய் தடவிய மாதிரி கடந்துபோகிறது, நல்லதுதான், மேடம் கேட்டால் சந்தோசப்படுவார். ஆனால் ஒரு நிறுத்தம் கழித்துப் பார்த்தபோது சுளித்தவள் இருந்த இடம் காலியாக இருந்தது. இறங்கியிருப்பாள். இறங்கத்தான் செய்வார்கள், பஸ் என்றால் ஏறுவார்கள் இறங்குவார்கள். அவள் இறங்குவதை வடிவு பார்க்கவில்லை, எழுந்ததையோ படியில் நின்றதையோ பார்க்கவில்லை, முகம் இருந்தது, முகம் இல்லை, காலி சீட்டின் ரெக்சினில் ஒரு கிழிசல் இந்தப் பக்கம் நோக்கிக் கூராக நின்றது. கண்டக்டர் தலைக்கு மேல் விரலைச் சொடுக்கி, "எந்த ஊரும்மா, கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து நடுவக்குளம் என்றாள். உதட்டுக்குள் சொல்லவில்லை, கேட்கும்படிதான் சொன்னாள், அதற்கும் பயிற்சி உண்டு. "நடுவக்குளத்துல யாரு வீட்டுக்குத் தாயி?" என்று பக்கத்துச் சீட்டுப் பெரியவர் கேட்டார். "சங்கரபாண்டி வீடு." "ஓ, அந்த வீடா" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியவர் நடுவக்குளம் வருகிறவரைக்கும் திரும்பவே இல்லை. பீடிக் கடை வரிசையில் அன்றைக்கு ஒருத்தி சொன்னது மறுபடி காதுக்குள் ஓடியது, நாப்பது முடியதுக்குள்ள ரெண்டாவதும் போச்சுன்னா யாரோ ஒருத்தி திரும்பிப் பாத்திருக்கா, யாருன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும். சொன்னவள் வடிவைப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வடிவு ஆவுடை துட்டிக்குப் போகாமல் தலைவலி என்று படுத்ததும், அந்தத் தலைவலி நிற்காமல் கோயில், கல்யாணம், கடை எல்லாம் விட்டுப்போனதும், தலைவலிக்கு மருந்து கேட்கப் போன இடத்தில் எஸ்தர் மேடத்திடம் அனுப்பியதும். தாளில் இதற்கெல்லாம் ஒரே வரி, கூட்டத்தைக் கண்டால் பயம். அது பொய்யில்லை. ஆனால் கூட்டம் அவளைப் பார்ப்பது பாதிப் பயம்தான். மீதிப் பாதி, அவள் பார்ப்பது.

தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பூக்காரி கூடையோடு போய்க்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வாசலிலும் நின்று, மல்லி, பிச்சி என்று குரல் கொடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, பேசிச் சிரித்து, அடுத்த வாசல். சொர்ணம் மைனி வீடு வந்தபோது குரல் நின்றது. பூக்காரியின் கழுத்து எதிர்ப்பக்கச் சுவர் மேல் திரும்பியது, கால் கொஞ்சம் விரைந்தது, அடுத்த வீட்டு வாசலில் குரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சைக்கிளில் வந்தவரும் அந்த இடத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார். பழகிய கழுத்து, பழகிய கண், யாரும் யோசித்துச் செய்த மாதிரி இல்லை. இந்தத் தெருவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. அவள் படியில் நின்று, "மைனி" என்றாள். உள்ளே இருட்டு. "மைனி, நாந்தான், வடிவு." அசைவில்லை. போய்விடலாம், ஆள் இல்லை என்று கட்டத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தபோது, கதவுக்கு வெகு பக்கத்தில், அவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்றிருந்த மாதிரி, "வா" என்றது குரல்.

மைனி முன்னால் நடந்து போய் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். விளக்குப் போடவில்லை. வடிவு உட்கார்ந்தாள், பார்வையைத் தரையில் வைத்தாள், தரையிலிருந்து சுவருக்கு ஏற்றினாள். சுவரில் மாலை போட்ட படங்கள் இரண்டு. இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் ஆவுடை. நடுவில் ஒரு ஆணி. அவள் ஆணியைப் பார்த்தாள், அதை மட்டும் பார்த்தாள், இரண்டும் இப்போது போகும், போன இடத்தில் அம்பு வரும் என்று கட்டைவிரல் முந்தானையைப் பிடித்துக் காத்திருந்தது. இரண்டும் போகவில்லை. செத்தவர்கள் போகிறதில்லை போல. அதற்குக் கீழே ஒரு கண்ணாடி முகத்தைச் சுவருக்குக் கொடுத்து மாட்டியிருந்தது, முதுகு அட்டை மட்டும் தெரிந்தது. "கண்ணாடிய ஏன் மைனி திருப்பி வச்சிருக்கிய?" என்று கேட்டாள். "அதுக்குள்ள ஒருத்தி இருந்தா. ஊருல உள்ளவதான் என்னப் பாக்காமப் போறா, ஒரு நா இவளும் பாக்காமப் போயிட்டான்னா என்ன செய்ய? நானே முந்திக்கிட்டேன்." மைனி இதைக் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "ஏளா, பத்து மாசம் ஆவுது, வெயிலு கொறயட்டும்னு இருந்தியாக்கும்?" என்றாள். அந்தக் கேலியில் பழைய மைனி ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். வடிவு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வரவில்லை, தாளில்கூட எழுதாதது, வாய் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. "அன்னைக்கு நான் திரும்பிப் பாத்துட்டேன் மைனி."

"தெரியும். நான் வாசல்ல நின்னேம்லா."

"ஆவுடையும் நின்னா. என்ன முறைச்சா. பொறவு அவ..."

"யாரு முறைச்சா? ஆவுடையா?" மைனியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, துருப்பிடித்த கிணற்றுக் கப்பி சுற்றுகிற மாதிரி, அது சிரிப்பு என்று தெரிய வடிவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அவளுக்குக் கண்ணாடி போடாட்டா பத்தடி தெரியாதுளா. அன்னைக்கு அழுது அழுது கண்ணாடிய எங்கயோ கழத்தி வச்சிட்டா. கண்ணச் சுருக்கிக்கிட்டு, யாருக்கா அது நிக்கதுன்னு கேட்டா. நம்ம வடிவுன்னேன். அதுக்கு அவ, காலுல செருப்பு இல்ல போலுக்கே, தாரு ரோடு சுடுமேன்னா. மூஞ்சி தெரியல, வெறுங்காலு மட்டும் எப்படித்தான் தெரிஞ்சுதோ." மைனி எழுந்து கதவுக்குப் பின்னால் குனிந்து எதையோ எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள். பழைய செருப்பு, கட்டைவிரல் பக்கம் தேய்ந்தது, வார் பிய்ந்து ஊசி நூலால் தைத்தது, அவளே தைத்தது. பந்தலிலிருந்து ஓடியபோது போடாமலே ஓடியிருக்கிறாள். அன்று இரவு உள்ளங்கால் கொப்புளித்திருந்தது நினைவு வந்தது, எதனால் என்று அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை. "எடுத்து உள்ள வையிக்கா, எப்படியும் வருவான்னு அவதான் சொன்னா" என்றாள் மைனி. "நானும் வருவ வருவன்னு இருந்தேன். அவ போன பொறவு இந்த வீட்டுல உசுரோட உள்ள ஒருத்தரோட சாமானு இது ஒண்ணுதான் கெடந்துது."

இப்போது பார்க்க வேண்டும். தாளில் எழுதியிருக்கிறது, அவள் முகத்தைப் பார்ப்பேன். கண்ணை எடுத்துச் செருப்பிலிருந்து சேலை விளிம்புக்கு, விளிம்பிலிருந்து கைக்கு, கையிலிருந்து தோளுக்கு ஏற்றினாள், கழுத்து வரை வந்து கண் வழுக்கியது, சுவருக்குப் போனது, திரும்பக் கொண்டு வந்தாள், மறுபடி வழுக்கியது. பதினாறு தடவை, தடவைக்கு நூற்றறுபது என்று பழக்கிய கண். மூன்றாவது தரம் நின்றது. அன்றைக்கு வாசலில் பார்த்த அதே முகம், துடைத்துவிட்ட பலகை. ஆனால் மாடத்தி சொல்லியிருந்தாள், ஒன்றும் இல்லாத முகம் எங்கேயிருந்து வரும் என்று. வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகையில் மெல்ல மெல்ல எழுத்துத் தெரிந்தது, கீழ் உதடு உள்ளே மடிந்திருந்தது, இடது கண்ணின் கீழ் ஒரு நரம்பு தனியாகத் துடித்தது. இத்தனை மாதமாக வராத தண்ணீர் அவள் கண்ணில் வந்தது, வந்தது என்று அவளுக்குத் தெரிவதற்கு முன் மைனிக்குத் தெரிந்தது, மைனி குனிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து நிமிசம் ஆயிற்றோ அதற்கும் மேலோ, பார்க்கவில்லை.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். பாதம் அதன் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. சொல்லிக்கொள்ளக் கூடாது, இது இன்னும் துட்டிதான், தாமதமாகக் கேட்ட துட்டி. பேசாமல் படி இறங்கினாள். "வடிவு" என்றாள் மைனி பின்னாலிருந்து. "போம்போது திரும்பிப் பாரு." வடிவு நின்றாள். முதுகு மட்டும்தான் மைனியின் பக்கம் இருந்தது. "வேண்டாம் மைனி. மிச்சம் நீங்க ஒருத்திதான் இருக்கிய." "ஆவுடை துட்டிக்கு வந்தவ அம்புட்டுப் பேரும் திரும்பாமத்தான் போனா. அதுக்கப்புறம் ஒருத்தி நடையேறல. அந்தக் கணக்குல நான் நல்லாவா இருக்கேன்? நீ பாரு. பாத்து எனக்கு என்ன வருதோ வரட்டும்."

அவள் நடந்தாள். ஒன்று, இரண்டு. செருப்பு தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் தெருவில் இருந்தது. பூக்காரியின் குரல் கடைசி வீட்டில் நின்றுவிட்டது. ஐந்து, ஆறு. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி அடியில் கோடு இழுத்துவிடலாம், திரும்பாமல் போய்விட்டால். திரும்பாமல் போனால் கதவு சாத்திக்கொள்ளும், கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டே இருப்பாள், இருக்கிறாளா என்று யாரும் கூப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள், அவளும் சொல்ல மாட்டாள். திரும்பினால். ஒன்பது. பிடரியில் எறும்பு ஊர்ந்தது, அதே இடம், அதே எறும்பு. பத்து. இந்தத் தடவை கழுத்து தானாகத் திரும்பவில்லை. அவள்தான் திருப்பினாள், கீல் இறுகிய கதவைத் திருப்புகிற மாதிரி, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு.

வாசலில் இடது பக்கம் மைனியின் முகம் இருந்தது. வலது பக்கம், ஆவுடை நின்ற இடத்தில், இருட்டு இருந்தது, ஒரு முகத்தின் அளவுக்கு. கட்டைவிரல் பையின் வாரில் போய் உட்கார்ந்தது. அரை செகண்டு. அவள் அம்புக்காகக் காத்திருந்தாள். ஒரு செகண்டு. இரண்டு. அம்பு வரவில்லை. முகம்தான் நின்றது.